அருகமை அக்கா

தெருவை வாழத் தகுந்ததாக மாற்றப்போகிறார்கள் என்ற செய்தி வந்தபோது சலூன்காரர் அந்தத் தெருவில்தான் வாழ்ந்துகொண்டிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அங்கேதான். முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு, நடுவில் ஒரு திரை. கடையில் சுழல் நாற்காலி இரண்டு. அதில் ஒன்று சுழலாது. எதிரே பேருந்து நிறுத்தம். அங்கே காத்து நிற்பவர்கள் கடைக் கண்ணாடியில் தங்கள் தலையைப் பார்த்துவிட்டு, சரி, அடுத்த வண்டியில் போய்க்கொள்ளலாம் என்று உள்ளே வந்து உட்கார்ந்துவிடுவார்கள். இப்படி வாழ்ந்ததெல்லாம் வாழ்க்கைக் கணக்கில் வராது என்று அதுவரை அவரிடம் யாரும் சொன்னதில்லை.

"என்னத்த மாத்தப் போறாங்களாம்?" என்று திரைக்குப் பின்னாலிருந்து மனைவி கேட்டாள்.

"நல்லதுக்குத்தான் போல. மரமெல்லாம் வைப்பாங்களாம்."

"மரம் வைக்கிறதுக்கு எதுக்கு இத்தனை பேர் வந்து தெருவை அளக்கிறாங்க?"

சலூன்காரர் வாடிக்கையாளரின் காதை மடக்கிப் பிடித்துக்கொண்டு வேலையைப் பார்த்தார்.

அந்த நகரத்தில் முன்பு நிலத்துக்கு ஒரு துறை, சாலைக்கு ஒரு துறை. இரண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. நிலத் துறை சாலை இல்லாத இடத்தில் வீடு கட்டும். சாலைத் துறை வீடு இல்லாத இடத்துக்குச் சாலை போடும். ஒருமுறை மேம்பாலம் ஒன்று அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு வீட்டின் சமையலறைக்குள் போய் இறங்கிவிட்டது. அந்தக் குடும்பம் கொஞ்ச காலம் வண்டிகளுக்கு வழிவிட்டுச் சமைத்துப் பார்த்து, கட்டுப்படியாகாமல் வேறு வீடு பார்த்துக்கொண்டு போனது. அதன் பிறகுதான் இரண்டு துறைகளையும் சேர்த்து ஒருங்கிணைப்பு வாரியம் என்று ஒன்றை அமைத்தார்கள். வாரியத்தின் பெயரில் நிலம் முதலில் வருவதா, போக்குவரத்து முதலில் வருவதா என்று முடிவு செய்வதற்குள் முதல் தலைவரின் பதவிக்காலம் முடிந்துபோயிற்று. இரண்டாவது தலைவர் காலத்தில் இரு தரப்பும் ஒரே அறையில் உட்கார்ந்து ஒருங்கிணையத் தொடங்கின. அதுவரை நகரத்து மக்கள் ஓரளவு நிம்மதியாகவே இருந்தார்கள்.

மக்கள் கருத்துக் கேட்கும் கூட்டம் பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. சுவர் முழுக்க நகரத்தின் வரைபடம். வீடுகளுக்கு மஞ்சள், கடைகளுக்குச் சிவப்பு, திறந்தவெளிக்குப் பச்சை. வாசலில் நின்ற பெண் வந்தவர்கள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு வட்ட ஒட்டுத்தாள் கொடுத்து, "உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச இடத்துல ஒட்டுங்க" என்றாள். சலூன்காரர் வரைபடத்தில் விரலை ஓட்டி, சந்தையைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, ஒரு சின்ன மஞ்சள் கட்டத்தைக் கண்டுபிடித்து அதில் ஒட்டினார். அது அவருடைய அக்கா வீடு. அம்மா போன பிறகு அவரை வளர்த்தவள் அவள்தான். புருஷனும் போய், பிள்ளையும் இல்லாமல், இப்போது கண்ணும் மங்கிக்கொண்டிருந்தது. அவர் ஒருநாள் விட்டு ஒருநாள் பேருந்து ஏறிப் போய்த் தலைவாரிவிட்டு, கண்ணுக்கு மருந்து விட்டு, மறுநாளைக்கு மருந்து விட பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்லிவிட்டு வருவார்.

"பிடிச்ச இடம் உங்க தெருவுலயே இல்லையா?" என்று ஒட்டுத்தாள் கொடுத்த பெண் கேட்டாள்.

"தெரு பிடிக்கும்மா. அக்கா அங்க இருக்காங்க."

அவள் சிரித்துக்கொண்டே எதையோ குறித்துக்கொண்டாள்.

வாரியத்தின் இயக்குநர் மேடையேறினார். மென்மையான குரல், பிள்ளையைத் தூங்க வைப்பதுபோலப் பேசினார்.

"நண்பர்களே, பயணம்னா என்ன? நிலம் செஞ்ச தப்பு. உங்களுக்கு வேண்டியது உங்க பக்கத்துல இல்லைங்கிறதாலதான நீங்க கிளம்பிப் போறீங்க? எல்லாத்தையும் கால் மணி நேர நடைக்குள்ள நாங்க கொண்டுவந்துட்டா, நீங்க எங்கயும் போக வேண்டியதே இல்ல. யாரும் எங்கயும் போகாத நகரம்தான் நெரிசல் இல்லாத நகரம். அதுக்குப் பேரு வாழ்வட்டம்."

கைதட்டல் எழுந்தது. சலூன்காரரும் தட்டினார். பிறகு எழுந்து, "ஐயா, பஸ் இருக்கும்ல?" என்று கேட்டார்.

"உங்க கேள்வி பதிவாயிடுச்சு" என்றார் இயக்குநர். கேள்வி மட்டும் பதிவானதாகவே சலூன்காரர் நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

மரங்கள் வந்தன. நடைபாதை வந்தது. கோதுமை நிறத்தில் கல் பதித்த அழகான நடைபாதை. அதில் நடந்தால் செருப்புச் சத்தம்கூடக் கேட்காது. பிறகு ஒரு காலையில் பேருந்து நிறுத்தத்தின் கூரையைக் கழற்றி லாரியில் ஏற்றினார்கள். வாழ்வட்டத்துக்குள் எல்லாம் இருப்பதால் வெளியே போகும் தேவை இல்லை. தேவை இல்லாததால் பேருந்து இல்லை. பேருந்து இல்லாததால் யாரும் வெளியே போகவில்லை என்பது தெரியவந்தது. திட்டம் சரியாக வேலை செய்கிறது என்று வாரியம் அறிவித்தது.

அடுத்து, இந்த வட்டத்துக்கும் சந்தை இருந்த அடுத்த வட்டத்துக்கும் நடுவே அகலச் சாலை ஒன்று வந்தது. எங்கிருந்தோ வந்து எங்கேயோ போகும் வண்டிகளுக்கானது. ஒரு கரையில் நின்றால் மறுகரையில் இருப்பவரின் முகம் தெரியாது. கடந்து போகச் சுரங்கப்பாதையோ பாலமோ வைக்கவில்லை. பாலம் வைத்தால் கடக்கும் ஆசை வரும் என்று சாலை அதிகாரி விளக்கம் கொடுத்திருந்தார்.

சலூன்காரர் சுற்றி வளைத்து, ரயில்பாதை ஓரமாகவே நடந்து, அரை நாள் செலவழித்து அக்கா வீட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தார். போனால் மறுநாள் கால் வீங்கும். சுழலாத நாற்காலியில் உட்கார்ந்துகொண்டுதான் முடி வெட்டுவார்.

ஒருநாள் வட்டாரக் கணக்கெடுப்புப் பெண் கடைக்கு வந்தாள். கூட்டத்தில் ஒட்டுத்தாள் கொடுத்த அதே பெண். கையில் பலகைக் கணினி. மரியாதையான பெண், செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தாள்.

"அண்ணே, உங்க நடமாட்டத்துல ஒண்ணு மட்டும் விளங்கலை. ரயில்பாதை ஓரமா அடிக்கடி போறீங்க. என்ன நோக்கம்?"

"அக்காவைப் பாக்கத்தான்."

அவள் திரையில் தேடினாள். "வேலை, படிப்பு, மருத்துவம், கடைகண்ணி... அக்கா இல்லையேண்ணே. 'வேற'ன்னு போடட்டுமா? போட்டா கேள்வி வரும்."

"மருத்துவம்னு போடும்மா. கண்ணுக்கு மருந்து விடறேன்."

"நீங்க டாக்டரா?"

"இல்ல."

"அப்ப 'வேற'தான்." அவள் வருத்தத்தோடுதான் அதை அழுத்தினாள். "ஒட்டுத்தாளை அங்க ஒட்டாம இருந்திருக்கலாம்ணே. எல்லாரும் பூங்காவுலதான் ஒட்டினாங்க."

விசாரணைக்கு அழைப்பு வந்தது. வாரியத்தின் கட்டடத்தில் நீளமான அறை. மேசைக்குப் பின்னால் நில அதிகாரியும் சாலை அதிகாரியும் தோளோடு தோள் உரச உட்கார்ந்திருந்தார்கள். பல ஆண்டுகள் ஒருங்கிணைந்ததில் ஒருவர் தொடங்கிய வாக்கியத்தை மற்றவர் முடிக்கும் அளவுக்கு வந்திருந்தார்கள்.

"உங்க அக்கா..." என்றார் நில அதிகாரி.

"...தப்பான நிலத்துல இருக்காங்க" என்றார் சாலை அதிகாரி.

"அதனாலதான் நீங்க..."

"...தப்பான பயணத்துல இருக்கீங்க."

சலூன்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கழுத்து வலித்தது. "சார், அப்ப அக்காவை என்கூடவே கூட்டிட்டு வந்து வச்சுக்கறேன்."

"உங்க வட்டத்துல ஆட்கள் எண்ணிக்கை சரியா இருக்கு. ஒருத்தர் உள்ள வரணும்னா ஒருத்தர் வெளிய போகணும். உங்க வீட்டுல யாரை அனுப்பறீங்க?"

வீட்டில் இருந்தது மனைவி மட்டும்தான். அவர் அந்தக் கேள்வியைத் தாண்டிப் போனார். "இல்லேன்னா நாங்க ரெண்டு பேரும் அங்க போயிடறோம்."

நில அதிகாரி வரைபடத்தை அவர் பக்கம் திருப்பினார். அவருடைய வீடு இருந்த இடத்தில் மஞ்சள் இல்லை. ஒரு கத்தரிக்கோல் படம் இருந்தது. "நீங்க குடியிருப்பவர் இல்ல. வசதி. இந்த வட்டத்துக்கு நடக்கிற தூரத்துல ஒரு சலூன் வேணும். வசதி இடம் மாறக் கூடாது."

"நான் மனுஷன் சார்."

"அதுலதான் சிக்கலே" என்று பெருமூச்சு விட்டார் நில அதிகாரி. "மரத்தை நகர்த்தறோம், பேசாம வருது. கட்டடத்தை இடிக்கறோம், பேசாம விழுது. மனுஷங்க மட்டும் கண்ட இடத்துல பாசம் வச்சிடறாங்க. யாருகிட்டயாவது அனுமதி கேக்கறீங்களா? அங்க ஒரு அக்கா, இங்க ஒரு மாமா, எங்கயோ ஒரு சிநேகிதன். அப்புறம் அதுக்கெல்லாம் நாங்க பஸ் விடணும். ஆக்கிரமிப்புலயே மோசமான ஆக்கிரமிப்பு இதுதான். புல்டோசர் வச்சும் எடுக்க முடியல. நாங்களும் பாத்துட்டோம்."

சாலை அதிகாரி குனிந்து, தாழ்ந்த குரலில் சொன்னார்: "இனிமே நீங்க அங்க போனது உறுதியானா, பயணத்தோட ரெண்டு முனையையும் பச்சையாக்கிடுவோம். உங்க வீடு, அக்கா வீடு, ரெண்டும். முனையே இல்லேன்னா பயணம் ஏது?"

பிறகு அவர் முகம் மலர்ந்தது. "ஆனா நாங்க கல்நெஞ்சக்காரங்க இல்ல. உங்களுக்கு வேண்டியது ஒரு அக்கா. நடக்கிற தூரத்துல ஒண்ணு ஏற்பாடு பண்ணிட்டோம்."

அருகமை அக்கா அடுத்த தெருவில் இருந்தாள். நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வுபெற்றவள். கதவைத் திறந்து அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தம்பியா?"

"ஆமாங்க."

"எனக்குத் தம்பியே வேண்டாம்னு மூணு தடவை சொன்னேன். சரி, வந்து தொலை."

அவளுடைய கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. ஆனால் வாரியத்தின் ஏற்பாட்டில் தம்பி மருந்து விடுவது சேர்ந்திருந்ததால், அவள் நாற்காலியில் சாய்ந்து வெறும் உப்புநீரைக் கண்ணில் வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. கணக்கெடுப்புப் பெண் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போவாள். அவள் போனதும் தட்டச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்தக் கண்ணால ஊசியில நூல் கோப்பேன்யா" என்று பல்லைக் கடிப்பாள்.

நாளாக ஆக அவர்களுக்குள் பேச்சு வந்தது. ஒருநாள் தட்டச்சர் அவர் பக்கம் திரும்பாமலே கேட்டாள்: "உன் அக்காவுக்கும் இப்படி ஒருத்தனை அனுப்பியிருப்பாங்கல்ல?"

சலூன்காரர் கையில் இருந்த மருந்துக் குப்பியைக் கீழே வைத்தார். அதுவரை அவர் அதை யோசிக்கவே இல்லை. அக்காவைத் தொலைபேசியில் கூப்பிடும்போதெல்லாம் அவள் 'நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்' என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுவாள். பேச்சைச் சுருக்குகிற ஆள் இல்லை அவள். அன்று வீட்டுக்கு வந்ததும் கூப்பிட்டார். ஓர் ஆண்குரல் எடுத்தது.

"அக்கா தூங்கறாங்க. நான் அவங்க தம்பி பேசறேன். நீங்க யாரு?"

அவர் தொலைபேசியை வைத்துவிட்டார். 

அந்த வாரத்தில்தான் மூலைவீட்டுத் தையல்காரர் அகலச் சாலையில் இறங்கினார். மறுகரையில் அவருடைய மகன் இருந்தான், பேரன் பிறந்திருந்தான். தையல்காரர் பாதிச் சாலை வரை போனதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். அதற்கு மேல் பார்த்ததாக யாரும் சொல்லவில்லை. வாரியத்தின் அறிவிப்புப் பலகையில் 'ஒருவழிப் பயணம்: ஒன்று' என்று வந்தது. தெருமுனை வரைபடத்தில் அவர் வீட்டின் மஞ்சள் நிறம் பச்சையாயிற்று. பிறகு வீடும் பச்சையாயிற்று. வெட்டிய புல், நடுவில் ஒரு இருக்கை. அந்த இருக்கையில் உட்காருவதும் ஒரு போக்குவரத்துதானா என்று தெளிவாகாததால் யாரும் உட்காரவில்லை.

"நம்ம தெரு எவ்வளவு அழகா ஆயிடுச்சு, பாத்தீங்களா?" என்றாள் மனைவி. அவள் குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. தெரு உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தது. மரங்கள் இலைவிட்டிருந்தன. சத்தம் கிடையாது. எல்லா வீட்டுச் சன்னலும் சாத்தியிருந்தது.

இந்த வட்டத்துக்கு 'மிகச் சிறந்த வாழ்வட்டம்' என்ற விருது கிடைத்தது. விழாவுக்கு எல்லோரும் மண்டபத்தில் இருக்க வேண்டும் என்று உத்தரவு. சலூன்காரர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். இயக்குநர் அதே மென்மையான குரலில் தொடங்கினார்: "இங்க ஒருத்தரும் எங்கயும் போறதில்ல. இதைவிட மக்கள் எங்களுக்குக் கொடுக்கிற அன்பு வேற என்ன இருக்கு?" கைதட்டல் எழுந்தபோது சலூன்காரரும் எழுந்தார். சுவரோரமாக நகர்ந்தார். வாசலில் கணக்கெடுப்புப் பெண் நின்றிருந்தாள். அவள் அவரைப் பார்த்தாள். பிறகு கழுத்தைத் திருப்பி மேடையைப் பார்த்தபடி இன்னும் பலமாகக் கைதட்டினாள்.

அகலச் சாலைக்கு அடியில் மழைநீர்க் குழாய் ஒன்று போயிற்று. இந்த வட்டத்துத் தண்ணீர் அதன் வழியாகத்தான் அடுத்த வட்டத்துக்குப் போகும். தண்ணீரிடம் பயண நோக்கம் கேட்க வாரியம் இன்னும் ஆள் நியமிக்கவில்லை. சலூன்காரர் அதற்குள் முழங்காலிட்டுத் தவழ்ந்தார். தலைக்கு மேலே வண்டிகள் போகும் அதிர்வு பல்லில் தெரிந்தது. பாசியில் கை வழுக்கியது. வெள்ளைச் சட்டை சேற்றில் தோய்ந்து உடம்போடு ஒட்டியது. குழாயின் நடுவில் ஓர் ஒற்றைச் செருப்பு கிடந்தது. தனக்கு முன்னால் வேறு யாரோ வந்திருக்கிறார்கள். அவர்கள் போனார்களா, திரும்பினார்களா என்று யோசிக்கப் பயந்து அதைத் தாண்டிப் போனார்.

அக்கா வீட்டு வாசலில் அந்த வட்டத்தின் கணக்கெடுப்பு இளைஞன் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். கதவு திறந்திருந்தது. உள்ளே சன்னலோரம் அக்கா. அவள் பக்கத்தில் நடுவயது ஆள் ஒருவர். முழங்கையில் மாவு ஒட்டியிருந்தது, பேக்கரியில் வேலை செய்பவராக இருக்க வேண்டும். கையில் மருந்துக் குப்பி. அளவு தெரியாமல் விட்டிருந்தார். மருந்து அக்காவின் கன்னத்தில் வழிந்துகொண்டிருந்தது. தலையை வாரியிருந்தார், வகிடு கோணல். சலூன்காரரின் விரல்கள் தாமாகவே அசைந்தன.

"யாருங்க நீங்க? என்ன ஈரமா வந்திருக்கீங்க?" என்று இளைஞன் எழுந்தான்.

"நான்... அக்கா..." என்றார் சலூன்காரர்.

உள்ளே அக்காவின் முகம் நிமிர்ந்தது. குரல் வந்த திசைக்குத் திரும்பியது. அவள் மூச்சை மெல்ல உள்ளே இழுத்தாள். சாக்கடை வாடை கூடம் வரை போயிருந்தது. பேக்கரிக்காரர் சலூன்காரரைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், தன் கையிலிருந்த குப்பியைப் பார்த்தார்.

"அம்மா" என்று இளைஞன் பலகைக் கணினியைக் கையில் எடுத்துக்கொண்டான். "இவரு யாரு? உங்க தம்பியா?"

சலூன்காரருக்குத் தெரு முனையின் பச்சைப் புல் ஞாபகத்துக்கு வந்தது. இங்கேயும் அப்படி ஒரு புல். அதன் நடுவில் ஓர் இருக்கை.

"என்னப்பா விளையாடறே?" என்றாள் அக்கா. "என் தம்பி இதோ பக்கத்துல உக்காந்திருக்கான். எனக்கு எத்தனை தம்பி?"

"அப்ப இவரு?"

"யாரோ தெரியல. வழி தப்பி வந்துட்டாரு போல." அவள் வாசல் பக்கம் முகத்தைத் திருப்பி, அக்கம்பக்கத்து ஆளிடம் பேசுவதுபோல நிதானமாகச் சொன்னாள்: "இது நீங்க தேடற வீடு இல்லீங்க. நீங்க போங்க. வந்த வழியாவே போங்க."

பிறந்ததிலிருந்து அவள் அவருக்கு 'ங்க' போட்டதில்லை. அவருக்குக் கல்யாணமானபோதும், தலை நரைத்தபோதும், புதுச் சம்பந்திகள் முன்னாலும் போட்டதில்லை. அந்த இரண்டு எழுத்து அவர் நெஞ்சில் கை வைத்து வெளியே தள்ளியது.

"ஆமாங்க" என்றார் அவர். "வீடு தப்பிடுச்சு. மன்னிச்சிடுங்க."

படி இறங்கினார். ஈரச் செருப்பு சத்தம் போட்டது. தெருவில் கால் வைத்தபோது பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது. தெருமுனை வரை கேட்கும் பழைய குரல்.

"டேய்! பாத்துப் போடா. வழுக்கும்!"

அவர் நின்றார்.  'சரிக்கா' என்ற சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. திரும்பினால் இளைஞன் பார்ப்பான். திரும்பாமல் அடுத்த அடியும் வைக்க முடியவில்லை.

உள்ளே பேக்கரிக்காரர், "நான் எங்கயும் போகலையேக்கா..." என்று தொடங்கி, பாதியில் நிறுத்தினார். பிறகு நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"சரிக்கா" என்று பேக்கரிக்காரர் உரக்கச் சொன்னார். "பாத்தே போறேன்க்கா."

சொல்லிவிட்டு எழுந்து அடுப்படிக்குள் போனார்.

சலூன்காரர் நடந்தார். வாசலில் நின்ற இளைஞன் அவரை மறந்துவிட்டுக் கூடத்துக்குள் எட்டிப் பார்த்தான். நாற்காலியிலிருந்து அடுப்படி வாசல் வரை இருந்த தூரத்தைக் கண்ணால் அளந்தான். பிறகு, பேக்கரிக்காரர் போனதைப் பலகைக் கணினியில் பதிய ஆரம்பித்தான்.